பன்னிரண்டாம் பாகத்து மழை

மேசையின் அடி லாச்சியை இழுத்து, அதில் கிடந்த பையை நிம்றா கத்தரிக்கோலால் குத்திக் கிழித்தாள். உள்ளே இருந்த டிஸ்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அத்தனையும் ‘சாம்பல் படை’ வீடியோ கேமின், நேற்று வெளியான பன்னிரண்டாம் பாகம். அப்படியென்றால் நேற்றிலிருந்து விற்றவை?

மேல் லாச்சியில் மிஞ்சியிருந்தவற்றில் ஒன்றை எடுத்து, நடு வளையத்துக் கடுகளவு எழுத்தைப் படித்தாள். பதினொன்று. போன வருடத்துச் சரக்கு!

திருட்டுக்குப் பயந்து அவர்களுடைய வெள்ளவத்தைக் கடையில் கவர் மட்டும்தான் தட்டில் இருக்கும், டிஸ்க் லாச்சிக்குள். விற்கும்போதுதான் இரண்டும் சேரும். லாச்சி அவளுடைய அண்ணன் சப்ரி நானாவின் பொறுப்பு. நானா புதுக் கவருக்குப் பழைய டிஸ்கை எடுத்து வைத்துவிட்டார். அதில் ஒன்றைக் கொண்டு போனவன் கஜீவன். கொழும்பில் பாதிப் பொடியன்கள் அவனுடைய வீடியோ விமர்சனத்தைப் பார்த்துத்தான் கேம் வாங்குகிறார்கள். இன்று பின்னேரம் அவன் வாயைத் திறந்தால் கேம் கம்பனி தந்த ஏஜன்சி போகும். ஏஜன்சி போனால் கடைக்குப் பூட்டுத்தான்.

போயும் போயும் இந்தக் குப்பைக்காகவா? ஒரு காலத்தில் இரண்டாம் பாகம் வர நாலு வருடம் எடுத்தது. வாசலில் வரிசை நின்றது. பிறகு கம்பனிக்குப் பேராசை பிடித்தது. இரண்டு வருடத்துக்கு ஒன்று, இப்போது நவம்பருக்கு நவம்பர். விற்பனை பாதியாகி, அதிலும் பாதியானது. திரையில் பாக எண்கூடப் போடுவதில்லை. அவர்களுக்கே வெட்கமாக இருக்கும்.

கண்ணாடிக் கதவு திறந்தது. கஜீவன்.

நிம்றா பையைக் காலால் மேசைக்கடியில் தள்ளினாள்.

“அக்கா, நேற்று விடிய விடிய விளையாடினனான்.”

நிம்றா பில் புத்தகத்தைப் புரட்டுவதுபோல் குனிந்தாள்.

“சும்மா சொல்லக்கூடாது. பன்னிரண்டிலயும் இதுதான் திறம்!”

“அப்பிடியா? போன வருஷத்த விட என்ன புதுசு?”

“மழை அக்கா! பெய்யிற விதமே வேற. எதிரிகளுக்கும் மூளை வந்திட்டுது. போன வருஷம் மாடு மாதிரியெல்லோ நிண்டவங்கள்!”

அதே மாடுதானடா என்று மனதுக்குள் காறித் துப்பினாள். இவனெல்லாம் ஒரு விமர்சகன்! பழைய டிஸ்கில் புது மழை பெய்கிறதாம்!

“மச்சானுக்கும் ஒண்டு தாங்கோ.”

புன்னகை மாறாமல் மேல் லாச்சியிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள்.

பள்ளிவாசலில் மதிய லுஹர் தொழுதுவிட்டு சப்ரி வந்ததும் எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். “நல்ல காலம் நானா, அவன் சரியான மடையன்!”

சப்ரி சிரிக்கவில்லை. கிழிந்த பையையே பார்த்தார்.

“மடையன் இல்ல. பதினொண்ட அவன் இப்பதான் பாக்கிறான். போன வருஷம் நான் அவனுக்குக் குடுத்தது பத்து.”

“என்ன?”

“இந்தப் பைய ஏன் வெட்டின? இது வாற நவம்பருக்கு விக்கிற சாமான்.”

“நானா... எப்ப இருந்து இப்பிடி?”

சப்ரி தொப்பியைக் கழற்றி மடித்தார்.

“ஆறாம் பாகம் வந்த நேரம் தெரியாம ஒருக்கா அஞ்சு மாறிப் போச்சு. ஒருத்தனும் திருப்பிக் கொண்டு வரல்ல.”