அரிசி மூட்டை மேல் போன அண்ணி

காட்டு முகாமிலிருந்து போன் வந்தபோது தையல்காரி ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள்.

"பெரிய மரம் ஒண்ணு சாஞ்சு விழுந்துடுச்சும்மா. உங்க அண்ணன்..."

அதோடு லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், மணியே அடிக்கவில்லை. சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு அடுத்த தெருவிலிருந்த அண்ணியிடம் ஓடினாள்.

அண்ணனுக்கு மரம் அறுக்கும் வேலை. பஸ் காட்டின் ஓரம் வரைதான் போகும். அதற்கப்பால், முகாமுக்கு அரிசி ஏற்றிப்போகும் டிராக்டரை விட்டால் வேறு கதியில்லை.

"பாதையெல்லாம் சேறு. எங்கேயாவது மாட்டிக்கிட்டா நான் பொறுப்பில்ல" என்றார் டிரைவர், பஸ்ஸை விட்டு இறங்கி வந்த இருவரிடமும்.

அண்ணி பின்பெட்டியில் ஏறி மூட்டை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "வண்டிய எடுங்கண்ணே."

காட்டுக்குள் நுழைந்ததும் பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. மூங்கில் கிளைகள் முகத்தில் அறைந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் இருவரும் எம்பி விழுந்தார்கள்.

ஓடையைக் கடந்து கரையேறும்போது பின்சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. பெட்டி இன்னும் தண்ணீரில்தான் நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது.

"தண்ணி கலங்கி வருது. மேல நல்ல மழை போல. இறங்குங்க, சீக்கிரம்!"

இடுப்பளவு தண்ணீரில் குதித்தார்கள். பெட்டியிலிருந்த காலிச் சாக்குகளை அள்ளி வந்து சக்கரத்துக்கு அடியில் திணித்தாள் தையல்காரி. அண்ணி பெட்டிக்குத் தோள்கொடுத்துத் தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சம் அண்ணி! விட்டுடாதீங்க!"

"நான் எங்கடி விடப்போறேன்? நீ தள்ளு!"

டிராக்டர் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. அவர்கள் கரையில் தவழ்ந்து ஏறி மூச்சு வாங்குவதற்குள், வெள்ளத்தில் வேரோடு அடித்துவரப்பட்ட மரமொன்று அவர்கள் நின்ற இடத்தை வாரிக்கொண்டு போனது.

முகாம் வாசலில் அண்ணன் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். முழு உடம்போடு. ஒரு சிராய்ப்புகூட இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் எப்படி இங்க?" என்று எழுந்தான்.

"மரம் விழுந்துச்சுன்னு..." அண்ணி அவன் தோளையும் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அட, குடிசை மேலதான் விழுந்துச்சு. நான் அப்போ பல்லு தேய்க்கப் போயிருந்தேன். போன் பண்ணின ஆளு, 'உங்க அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல'ன்னு சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சாம்."

அண்ணி ஈரச் சேலையோடு அவன் முதுகில் ரெண்டு வைத்தாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்த தையல்காரிக்கு, ஏனோ சிரிப்பு அடக்க முடியாமல் வந்தது. சேறு பூசிய முகத்தோடு அவளைத் திரும்பிப் பார்த்த அண்ணியும் சிரித்துவிட்டாள்.

"ஒரு வாரத்துக்கு என்னை யாரும் வண்டியில ஏறச் சொல்லாதீங்க" என்றாள் அண்ணி.