தலைகீழ் முக்கோணம்

சீனியர் சோதனையில் பெயில் விட்ட கனகலிங்கம் சித்திரை வருடப் பிறப்புக்கு நீர்வேலியில் வீட்டுக்கு வந்தான். வந்தவன் வட்டுக்கோட்டைக் கல்லூரிக்குத் திரும்பிப் போகவில்லை. முதல் வாரம் வயிற்றுக்குத்து என்றான். அடுத்த வாரம் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கல்லூரிப் பெட்டி அறை மூலையில் திறக்காமலே கிடந்தது. கூடப் படித்த மரியரட்ணம் பாஸ் பண்ணிக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். தனக்குக் கீழ் வகுப்பில் இருந்த பொடியன்களோடு அதே வகுப்பு வாங்கில் இனி இருக்க வேண்டும் என்று நினைத்தாலே அவன் பாயில் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

தகப்பன் பரமலிங்கம் ஒரு சொல் ஏசவில்லை. "ஏலாதெண்டா விடு தம்பி. வாழைக்குத் தண்ணி கட்ட எனக்கும் ஒரு ஆள் வேணும்," என்று ஒருநாள் சொன்னதோடு சரி. ஏசியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த வைகாசியில் தங்கை பத்மாசினி கொய்யா மரத்தால் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். பன்னிரண்டு வயது, ஓரிடத்தில் இருந்தறியாத பிள்ளை. பரியாரியார் மூங்கில் சிம்பு வைத்துக் காலைக் கட்டி, எழும்பவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். விறாந்தையில் பாய் போட்டு அவளைக் கிடத்தினார்கள். தாய் சிவக்கொழுந்துக்கு அடுப்பும் மாடும் காத்திருந்தன. "சும்மாதானே கிடக்கிறாய், அவளுக்குப் பக்கத்திலை போய் இரு," என்று மகனை எழுப்பி அனுப்பினாள்.

இலையான் மொய்த்தது. விசிறி அகப்படவில்லை. கனகலிங்கம் பெட்டியைத் திறந்து, கைக்கு வந்த புத்தகத்தை எடுத்துவந்து விசுக்கினான்.

"கதை ஒண்டு சொல்லண்ணை."

"எனக்கொரு கதையும் தெரியாது."

"அப்ப உந்த விசிறிக்குள்ளை என்ன இருக்குது? அதைச் சொல்லு."

அது கேத்திரகணிதப் புத்தகம். மறுத்துப் பார்த்தான்; அவள் விடவில்லை. கடைசியில் முற்றத்து மணலை அரிசி புடைக்கும் சுளகில் அள்ளிவந்து பரப்பி, விரலால் ஒரு முக்கோணம் கீறினான். இரண்டு பக்கம் சமன் என்றால் அடியில் உள்ள இரண்டு கோணமும் சமன் என்றான்.

"இதுக்கொரு புத்தகமோ? எங்கடை கூரையைப் பாத்தாலே தெரியுதே."

"பாத்தாத் தெரியும் எண்டது காணாது. நிறுவ வேணும்."

"ஏன்?"

மனப்பாடமாக இருந்த நிறுவலை ஒப்புவிக்கத் தொடங்கினான். கிடந்தபடி கிடந்தவளுக்குப் படம் தெரியவில்லை. சுளகை மெல்லச் சுற்றித் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இப்போது முக்கோணம் அவனுக்குத் தலைகீழாக நின்றது. அவனுக்கு அடுத்த வரி வரவில்லை.

பிறகு, வீட்டில் ஒருவருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொன்னான்.

"சோதினையிலையும் இப்பிடித்தான் திருப்பிக் கீறி, வேறை எழுத்துப் போட்டிருந்தாங்கள். எனக்கு ஒண்டும் ஓடேல்லை."

பத்மாசினி சிரிக்கவில்லை. "அப்ப நீ பாடமாக்கினனீ, உனக்கு விளங்கேல்லை," என்றாள். "எனக்கும் விளங்கேல்லை. ரெண்டு பேருமாப் பாப்பம்."

அன்று பின்னேரம் வரை பார்த்தார்கள். மறுநாளும் சுளகு வந்தது. தனக்கு மனம் ஒப்பாத எதையும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் என்ன கேட்பாளோ என்ற பயத்தில் அவன் காலையிலேயே புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினான். சில காலைகளில் பழைய பாரம் வந்து நெஞ்சில் குந்திக்கொள்ளும். அப்போதும் விறாந்தையிலிருந்து அவளுடைய குரல் கேட்கும், எழும்பிப் போவான்.

ஒருநாள் மரியரட்ணம் லீவில் வந்தவன், பார்த்துவிட்டுப் போக வந்தான். புதுச் சப்பாத்து, கொழும்புக் கதை. "நீயும் வருவாய்தானே," என்று அன்பாகத்தான் சொன்னான். அவன் போனதும் கனகலிங்கம் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். வெயில் சாய்ந்தது. தரையில் ஏதோ உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினான். சிம்பு கட்டிய காலை நீட்டிக்கொண்டு, இருந்தபடியே அரைந்து அரைந்து, சுளகை முன்னால் தள்ளியபடி பத்மாசினி வாசலுக்கு வந்திருந்தாள். பாதி மணல் வழியெல்லாம் சிந்திக் கிடந்தது.

"உனக்கென்ன விசரோ? கால் கோணினால் என்ன செய்யிறது?"

"நான் எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டிருக்கிறது? மனம் சரியில்லையெண்டா முழுக்க வேண்டாம் அண்ணை. பாதி சொல்லு."

அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாயில் விட்டான். சுளகில் புது மணல் போட்டான். பாதி முடிந்ததும், "காணும், இனிப் போய்ப் படு," என்றாள் அவள்.

"மிச்சத்தையும் கேள்," என்றான் அவன்.

ஆனி முடிய முன்னம் கட்டு அவிழ்ந்தது. நடக்கத் தொடங்கியவள் சுளகுப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. கூப்பிட்டால், "பிறகு வாறன்," என்று படலைக்கு வெளியே போய்விடுவாள். கனகலிங்கத்துக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு தனியே இருந்து கீறினான். அவள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளைத் தானே கேட்டான், தானே மறுமொழி தேடினான். சிவக்கொழுந்து மூன்று தரம் சாப்பிடக் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை.

"அப்பு, திங்கக்கிழமை நான் கல்லூரிக்குப் போறன்," என்று அன்றைக்கே தகப்பனிடம் சொன்னான். பரமலிங்கம், "ஓம்," என்றார். திங்கள் காலை மகனுடைய பெட்டியைத் தன் தலையில் வைத்து, கையில் ஒரு வாழைக்குலையையும் தூக்கிக்கொண்டு பஸ் வரும் றோட்டு வரை வந்தார்.

மார்கழியில் சோதனை எழுதினான். பங்குனியில் வட்டுக்கோட்டையிலிருந்து முடிவைக் கொண்டு வந்தான், பாஸ். சாதாரணப் பாஸ்தான். பரமலிங்கம் தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்தார். சிவக்கொழுந்து சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பத்மாசினி மட்டும் தமையனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"முக்கோணத்தோடை விட்டிட்டுப் போட்டாய். வட்டத்தை எப்ப சொல்லித் தருவாய்?"

வந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் கனகலிங்கம் அவளுக்குப் பக்கத்தில் முற்றத்து மணலில் குந்தினான்.