வைரஸ் காவலை அணைக்க மாட்டேன்

பேருந்து ஓட்டும் ஒரு வீடியோ கேமுக்கு என் மகள் ஒரு மோட் செய்தாள். மோட் என்றால், அடுத்தவன் செய்த விளையாட்டில் நாம் ஒட்டவைக்கும் கூடுதல் வேலை. அவளுடைய பயணிகள் பொம்மை மாதிரி உட்காரமாட்டார்கள். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவார்கள். திடீரென்று பிரேக் போட்டால் ஓட்டுநரைத் திட்டுவார்கள். அதை அவள் கம்ப்யூட்டரில் பார்த்த பிறகு அசல் விளையாட்டு எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அவள் இணையத்தில் போட்ட அந்த மோடை ஒரு நாய்கூடச் சீண்டவில்லை.

"இந்த மாசமும் யாரும் எடுக்கலைன்னா விட்டுடறேன்ப்பா. பார்த்தவங்க எல்லாரும் பிரமாதம்னாங்க."

"யாரு அந்த எல்லாரும்?"

"மோட் செய்யறவங்க."

"சமையல்காரனுக்கே சமைச்சுப் போட்டிருக்கே. நானே என் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்கறேன். நீ வாயைத் திறக்காதே."

ஒரு ஃபைலை இறக்கினேன். அதை எந்த ஃபோல்டரில் போடுவது என்று தேடியே கண் பூத்துப்போனது. அடுத்து, கம்ப்யூட்டருக்குள் வைரஸ் நுழையாமல் தடுக்கும் காவலை அணைக்கச் சொன்னது, மோடோடு வந்த குறிப்பு. கம்ப்யூட்டரை மூடிவிட்டேன்.

"அதுல ஒண்ணும் இல்லப்பா! நான்தானே செஞ்சேன்!"

"உன்னை எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? முகம் தெரியாதவன் வந்து, பூட்டைக் கழட்டு, நல்ல சாமான் தர்றேன்னா நீ கழட்டுவியா?"

"மோட் செய்யறவங்க கழட்டறாங்களே!"

"அதான் உன் மோட் அவங்களோட நிக்குது."

முறைத்தாள். பிறகு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"காவலை அணைக்காம, ஒரே அழுத்துல ஏறற மாதிரி மாத்தறேன். அப்பவாவது போடுவியா?"

"பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

மாற்றிவிடுவாள். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.