தீட்டு நிற்கும் முன்னே

மண்டபத்தூர் கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தபோதே சாரதாம்பாள் மணலில் சரிந்து விழுந்தாள். பெண்கள் தூக்கியபோது அவள் சேலையின் பின்புறம் முழுக்க ரத்தமாக இருந்தது. கோட்டுச்சேரியில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் நந்தினி ஓடிவந்து, காரைக்காலில் டாக்டர் அஜீசுன்னிசாவிடம் அழைத்துப்போனாள்.

"எவ்வளவு நாளா இப்படிப் போகுது?" என்று டாக்டர் கேட்டார்.

"அலைக்கு அப்புறந்தான் டாக்டரம்மா. ஒரு மாசம் வராது. வந்தா நிக்காது."

சுனாமி வந்து போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. சாரதாம்பாளுக்கு வயது நாற்பத்தாறு. டாக்டர் ஸ்கேன் எடுத்தார், கர்ப்பப்பையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்பினார். அடுத்த முறை அம்மாவும் மகளும் போனபோது, புற்று எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு உள்ள இருக்கிற காப்பர்-டி வெறும் செம்பு. மருந்து கிடையாது. பிள்ளை தங்காமப் பார்த்துக்கும், ஆனா தீட்டை அதிகமாக்கும். தீட்டு நிக்கப்போற வயசு வேற, அதுவே தாறுமாறாப் போகும். ரெண்டும் சேர்ந்து உடம்புல ரத்தமே இல்லாமப் பண்ணிடுச்சு. இதை எடுத்துட்டு இன்னொன்னு போடலாம். பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ஆனா அதோட தண்டுல ஹார்மோன் மருந்து இருக்கு. கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு கர்ப்பப்பை உள்தோலை மெலிசாக்கிடும். முதல் சில மாசம் சொட்டுச் சொட்டாப் படும். அப்புறம் குறைஞ்சுடும். சிலருக்கு நின்னே போயிடும்."

நந்தினிக்கு முகம் தெளிந்தது. சாரதாம்பாள் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நின்னுச்சுன்னா, அது மருந்தால நின்னுச்சா, வயசால நின்னுச்சான்னு எப்படித் தெரியும்?"

டாக்டர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "தெரியாது. ரத்தம் எடுத்து ஹார்மோன் அளவைப் பார்க்கலாம். ஆனா இந்த வயசுல அது ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். செம்பா இருந்தா தீட்டை வச்சே ஓரளவு சொல்லிடலாம். இதுல அது முடியாது. ஏம்மா, தெரிஞ்சு என்ன ஆகணும்?"

"செம்பை எடுத்துடுங்க. வேற எதுவும் போட வேணாம்."

நந்தினி அம்மாவையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அலைக்குப் பிறகு கடலை விட்டுத் தள்ளிக் கட்டிக்கொடுத்த குடியிருப்பில், பிள்ளையைப் பறிகொடுத்த சில பெண்கள் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனைப் பிரித்துத் தைத்துக்கொண்டு மறுபடி பெற்றிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் காசியம்மாவின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. சாரதாம்பாளோ ஆபரேஷனே செய்துகொள்ளாதவள். மகன் முகிலன் பிறந்த பிறகு காப்பர்-டி போட்டுக்கொண்டதோடு சரி. முகிலனைக் கடல் எடுத்துக்கொண்டபோது அவனுக்குப் பதினொரு வயது.

"சாரதா, உள்ளதைச் சொல்லிடறேன்" என்றார் டாக்டர். "இனிமே தங்குறது ரொம்பக் கஷ்டம். இந்த ரத்தத்தோட தங்கினா உங்க உயிருக்கே ஆபத்து."

"எடுத்துடுங்க டாக்டரம்மா."

டாக்டர் அரைமனதோடு எடுத்துவிட்டார். இரும்புச்சத்து மாத்திரையும், ரத்தம் அதிகமாகப் போனால் போட்டுக்கொள்ள வேறு மாத்திரையும் கொடுத்தார். உடம்பு தேறும்வரை ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார்.

அன்று மாலை கணவன் நீலமேகம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாரதாம்பாள் சொன்னாள். "காப்பர்-டியை எடுத்துட்டேங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே பேசினார். "அவனைத் தேடுனப்ப நீ வரல. நான்தான் ஒவ்வொண்ணாப் புரட்டிப் பார்த்தேன். முகத்தை வச்சுக் கண்டுபிடிக்க முடியல, அரைஞாண் கயித்தை வச்சுத்தான் கண்டேன். இன்னொரு பிள்ளையை அப்படித் தேட எனக்குத் தெம்பு இல்ல."

"எல்லாப் பிள்ளையுமா அப்படிப் போயிடும்?"

"எனக்குத் தெம்பு இல்லன்னு சொல்றேன்ல."

பாயைச் சுருட்டிக்கொண்டு வலை போட்டுவைக்கும் கொட்டகைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு சாப்பிட மட்டும் வீட்டுக்கு வந்தார்.

சாரதாம்பாள் சண்டை போடவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். அவருக்குப் பிடித்த சுறாப்புட்டு செய்து வைத்தாள். ஒருநாள் கொட்டகைக்கே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் வலையைப் பிரித்து முடிச்சுப் போடுவதிலேயே குறியாக இருந்தார். தீட்டு ஒரு மாதம் தள்ளிப்போனால் அவளுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். வந்துவிட்டால், "இன்னும் இருக்கு" என்று சொல்லிக்கொள்வாள். அந்தக் குடியிருப்பில் ரத்தத்தைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே பெண் அவளாகத்தான் இருந்திருப்பாள்.

தை மாதத்தில் ஒருநாள் காலை, குழாயடியில் குடத்தோடு நின்றவளுக்கு உடைப்பெடுத்ததுபோல் ரத்தம் போனது. டாக்டர் கொடுத்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நாக்கு வெளுத்திருந்தது. பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள்.

நினைவு தெளிந்தபோது நீலமேகம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் அஜீசுன்னிசாவும் வந்திருந்தார்.

"இன்னொரு தடவை இப்படிப் போனா என் கையில இல்ல. ஹார்மோன் வச்சதைப் போட்டுடலாமா?"

"போட்டுடுங்க" என்றார் நீலமேகம்.

"நான் அவங்களைக் கேட்டேன்."

சாரதாம்பாள் கணவனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "போடுங்க" என்றாள்.

டாக்டர் சொன்னபடியே நடந்தது. சில மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டது, பிறகு அதுவும் நின்றது. அவள் மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போனாள். உடம்பு தேறிவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். நீலமேகம் பாயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தார்கள். ஒருமுறை அவர் அவள் தோளில் கை வைத்தார். அவள் கையைத் தள்ளவில்லை. திரும்பவும் இல்லை.

மறு வருடம் நந்தினிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அம்மாவின் மடியில் குழந்தையைக் கிடத்திவிட்டு, "முகிலன்னே பேர் வைக்கலாம்னு இருக்கோம்மா" என்றாள்.

சாரதாம்பாள் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"வேணாம்டி" என்றாள். "இவனுக்கு வேற பேர் வை."