நாற்பது கிராம் பட்டை

இரண்டாம் முறை நிறுத்தபோதும் தராசு நாற்பது கிராம் என்றே காட்டியது. ஒரு கிலோ மரச்சில்லில் நாற்பது கிராம் பட்டை. காகித ஆலைச் சோதனைக்கூடத்திலிருந்து இதே லாரிச் சரக்குக்கு நேற்று அவள் கொடுத்த அறிக்கையில் பத்து கிராம் என்றிருந்தது. எழுத்தும் அவளுடையது, கையெழுத்தும் அவளுடையது. அந்தச் சில்லு வெந்து கூழானதும், அதிலிருந்த பட்டை காலையில் வெள்ளைத் தாளில் கரும்புள்ளிகளாக வந்து நின்றது. அதனால்தான், எடுத்துவைத்திருந்த மீதி மாதிரியை இன்சார்ஜ் மறுபடி பார்க்கச் சொன்னார். சத்தம் போடவில்லை. பதினெட்டு வருஷத்தில் உங்கள் கணக்கு தவறியதில்லையே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சல்லடையில் போட்டுச் சலித்தது நினைவிருந்தது. பட்டையைப் பொறுக்கியது? பொறுக்கியிருப்பாள். தினமும் பொறுக்குகிறவளுக்கு நேற்றும் முந்தாநாளும் ஒன்றுபோலத்தான். போன வாரம் அடுப்பை அணைக்காமல் வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கே அவள் தங்கையிடம் போனில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மறதி தொடங்கியதும் இந்த வயதில்தான்.

பக்கத்து மேசைக்காரி ஆறடி உயரம். கிண்டலுக்கு எல்லோரும் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். தராசை எட்டிப் பார்த்துவிட்டு மெல்ல வாயைத் திறந்தாள்.

"அக்கா, நேத்து அம்மா விஷயமா உங்களுக்கு போன் வந்துச்சுல்ல? அப்ப மிச்சத்த நான்தான் பொறுக்கி எடை சொன்னேன்னு நினைக்கிறேன். இல்ல, அது முந்தாநாளா?"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அடுத்த நொடியே, தன்னைக் காப்பாற்றத்தான் இப்படிச் சொல்கிறாளோ என்று தோன்றியது. கேட்டும் பார்த்தாள். பொடிசு நிமிரவில்லை.

"தெரியலக்கா. நெஜமாவே தெரியல."

அவள் எழுந்து இன்சார்ஜ் அறைக்குப் போனாள்.

"தப்பு எங்க நடந்துச்சுன்னு எனக்குப் புரியல சார். கொஞ்ச நாளைக்கு என் அறிக்கைய இன்னொருத்தரும் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்."

அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சரியென்றார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றிருந்தது அவளுக்கு.

திரும்பி வந்தபோது புது லாரியின் மாதிரி மேசைமேல் ஈரத்தோடு கொட்டிக் கிடந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பொறுக்கினார்கள். நடுவில் ஒரு சில்லு அவள் விரலில் நின்றது. ஒரு பக்கம் வெளிர்மரம், மறுபக்கம் பிரிக்க வராமல் ஒட்டிய பட்டை. இந்தக் குவியலா, அந்தக் குவியலா? அதைப் பொடிசிடம் நீட்டினாள். பொடிசும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.