ராசியில்லாத கை

“செம்பைக் கீழ வை, வசில்கா!”

“வைக்காதே, ஊத்து!”

“என் வாசல்ல எனக்கு அடுத்த வீட்டுக்காரி வந்து தண்ணி ஊத்தணுமா? நீ என்ன செத்தா போயிட்ட, கிஞ்சோ?”

“ரெண்டு தடவை நான்தானே ஊத்தினேன்? ரெண்டு தடவையும் ஃபெயிலு!”

“ஃபெயிலானது நான். உன் கை என்ன பண்ணுச்சு?”

“அதைத்தான் சொல்ல வர்றேன், நீ பேச விட்டாத்தானே!”

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிக் கத்த, நடுவில் வசில்கா செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“என்மேல கோவப்படாதே, பென்கா அக்கா. பரீட்சைக்குப் போறவங்க காலடியில நான் ஊத்தினா காரியம் தண்ணி மாதிரி ஓடும்னு ஊரே சொல்லுது. பாதிரியார் மகனுக்கு பிரேக் எது கிளட்ச் எதுன்னு தெரியாது. அவன்கூட பாஸ்!”

பென்கா தெருமுனையைப் பார்த்தாள். கார்லொவோ பஸ் வரும் நேரம். இன்னும் கொஞ்சம் சண்டையை இழுத்தால் பஸ் போய்விடும். பழி கிஞ்சோ தலையில் விழும். இன்றும் லைசென்ஸ் கிடைக்காவிட்டால், வேனுக்கு விலை பேசிய ஆள் ஞாயிற்றுக்கிழமை வந்து அதை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். கண் மங்கிய கிஞ்சோவை டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதென்று சொல்லிவிட்டார். வேன் இல்லாவிட்டால் மலைமேல் அவர்கள் வளர்க்கும் தேனீக்கூடுகளும் இல்லை. எல்லாம் தெரிந்தும் வாய் என்னவோ சண்டையைத்தான் தேடியது.

“போன வருஷம் ரெண்டு கூடு காலியாச்சு,” என்றான் கிஞ்சோ, குரல் தணிந்து. “அப்புறம் கண்ணு. அப்புறம் உன் பரீட்சை. எல்லாம் இந்தக் கைதான் பென்கா. உனக்குத் தெரியாது, பாதிரியார்கிட்ட நீட்டி ஜெபம்கூட பண்ணிட்டு வந்துட்டேன். இன்னிக்கு இது வேண்டாம்.”

சொல்லிவிட்டு இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான், திருடிய பண்டத்தை ஒளிப்பதுபோல்.

பென்காவுக்கு முகம் குப்பென்று சுட்டது.

“நான் பரீட்சைக்கே போகல.”

“எப்போ?” என்றாள் வசில்கா.

“ரெண்டு தடவையும். எனக்குக் காய்ச்சல்னு டிரைவிங் வாத்தியாருக்கு போன் பண்ணினேன். இவர்கிட்ட ஃபெயிலுன்னு சொன்னேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில உக்காந்து பனிட்சா தின்னேன்.”

“அந்த மீசைக்கார அதிகாரி உன்மேல கத்தினான்னியே?” என்றான் கிஞ்சோ.

“மீசையும் நான் வச்சதுதான். அந்தாளு மூஞ்சியவே நான் பார்த்ததில்ல.”

வசில்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

“ஏன்டி?”

“எனக்கு ஓட்டத் தெரியும், கிஞ்சோ. நல்லாவே தெரியும். ஆனா அந்தாளு பின்னால உக்காந்து பார்த்துட்டே இருந்து, ‘போதும், இறங்கு’ன்னு சொல்லிட்டா? வண்டியிலயே ஏறாதவளை யாரு இறங்கச் சொல்றது?”

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் திட்டவில்லை. தன் கை இருந்த பையைக் குனிந்து பார்த்தான், அவ்வளவுதான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வசில்காவிடமிருந்து செம்பைப் பிடுங்கி அவன் முன்னால் நீட்டினாள்.

“கைய வெளிய எடு. ஊத்து.”

“பென்கா…”

“ஊத்துன்னா ஊத்து. பஸ் வந்துடும்.”

அவன் ஊற்றினான். படியில் சிந்த வேண்டிய தண்ணீர், அவனுக்குக் கண் சரியாகத் தெரியாததால், அவள் துணி ஷூவுக்குள் முழுச் செம்பாக இறங்கியது. சளக் சளக்கென்று மிதித்துக்கொண்டு ஓடினாள்.

கார்லொவோவில் இறங்கியதும் பனிட்சாக்காரி கை தட்டிக் கூப்பிட்டாள்.

“வாங்கக்கா! உங்க பெஞ்சு காலியாத்தான் இருக்கு. இப்பத்தான் அடுப்பிலேர்ந்து எடுத்தேன், ஒண்ணு தரட்டுமா?”

உங்க பெஞ்சு. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் மணக்க மணக்க, கால் தானாக அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தது. இந்த ஊரில் தன்னை அடையாளம் தெரிந்த ஒரே ஆள், தான் ஒளிந்த இடத்துக்குச் சாட்சி. வேண்டாமென்று மோவாயை மேலே வெட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

“காய்ச்சலெல்லாம் போச்சா?” என்றார் வாத்தியார், அவள் பரீட்சைக் காரில் ஏறியதும் பக்கத்து சீட்டிலிருந்து. அவள் காது மடல் வரை சிவந்தாள்.

பின் சீட்டில் வந்து உட்கார்ந்த அதிகாரிக்கு மீசை இல்லை. அவள் மகன் வயசுதான் இருக்கும். எட்டி அவள் காலைப் பார்த்தான்.

“என்னம்மா, ஷூ சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு? பெடல் வழுக்குமே. வேணும்னா இன்னொரு நாள் வாங்க, நானே தேதி மாத்தித் தர்றேன்.”

சாக்கு, தட்டில் வைத்து நீட்டினாற்போல் வந்தது. அதுவும் பொய்யில்லாத சாக்கு. ‘சரி’ என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. கால்சட்டைப் பைக்குள் போன அந்த இரண்டு கையும் கண்முன் வந்தன. ஷூவைக் கழற்றிக் கதவோரம் தள்ளினாள். ஈரக் காலைப் பாவாடை ஓரத்தில் அழுத்தித் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினாள்.

“வேண்டாம் தம்பி, இது என் வீட்டுக்காரர் ஊத்தின தண்ணி. நீங்க பெல்ட்டை மாட்டிக்கோங்க.”