இடது பின் சக்கரம்

சனிக்கிழமை அடிலெய்டில் என் தம்பி டேரிலின் மகளுக்குக் கல்யாணம். நான் இருக்கும் ஸ்ட்ரீக்கி பே என்ற கடலோர ஊரிலிருந்து ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர். அழைப்பு அனுப்பியது அந்தப் பெண்தான். தம்பியும் நானும் பேசி மூன்று வருடமாகிறது. போகாமலிருக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை என் பழைய வேகன் கார் அதைக் கொடுத்தது. இடது பின் சக்கரத்தில் டக், டக் என்று ஒரு சத்தம்.

பேரிங் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே மெக்கானிக் ஜனேலின் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். சொந்த வண்டி நாசமாகட்டும் என்று நினைக்கும் அளவுக்கு என் மனசு கோணியிருந்தது.

ஜனேல் சத்தத்தைக் கேட்காமல் ஸ்பானரைத் தொடமாட்டாள். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கோதுமைக் கிடங்கு வரை அவளே ஓட்டினாள். நாற்பதுக்குக் கீழே டக் டக். எண்பதைத் தொட்டதும் சத்தமே இல்லை. திரும்பி மெதுவாக வந்தால் மறுபடி டக் டக்.

"பேரிங்னா வேகம் கூடக் கூட இரையும், ராஸ். இது வேகத்துல வாய மூடிக்குது. உள்ள ஏதோ கெடந்து உருளுது."

எதற்கும் பேரிங்கையும் பார்த்துவிடு என்று அடம்பிடித்தேன். ஜாக்கி போட்டு உலுக்கினாள், சக்கரம் அசையவில்லை. சுற்றிவிட்டாள், வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிறகு சக்கரத்தை வெளிப்புறம் மூடியிருக்கும் வீல் கப்பை நெம்பினாள். சிமெண்ட் தரையில் ஒரு சாவி விழுந்தது. அதை உள்ளே ஒட்டிவைத்திருந்த கறுப்பு டேப் சூட்டில் மக்கி இப்போதுதான் பிடி விட்டிருந்தது.

அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போன கடற்கரைக் குடிலின் சாவி.

அலைச்சறுக்குக்குப் போகிற எவனும் இங்கே சாவியைத் தண்ணீருக்குள் கொண்டுபோகமாட்டான். டயர் மேலே வைத்துவிட்டு இறங்குவான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கோடையில் டேரில் என் வேகனை வாங்கிக்கொண்டு குடிலில் ஒரு வாரம் இருந்தான். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனபின், சாவி சக்கரத்தில் இருக்கிறது என்று போனில் சொன்னான். நான்கு டயரையும் தடவிப் பார்த்தேன். இல்லை. குடிலைத் தனக்கே வளைத்துப்போடப் பார்க்கிறான் என்று அவன் பெண்டாட்டி காதுபடத் திருடன் என்றேன். டயர் மேல் தேடுவது திருடர்களுக்கும் பழகிப்போனதால் அவன் ஒரு படி உள்ளே, வீல் கப்புக்குள் ஒளித்திருக்கிறான். அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்ற விடவில்லை என்பதுதான் நிஜம்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. கல்யாணத்துக்குத் தாராளமாப் போகலாம்," என்றாள் ஜனேல்.

சாவியை உள்ளேயே போட்டு மூடச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மூடினாள்.

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். நெடுஞ்சாலையில் சத்தம் இல்லை. ஒவ்வொரு ஊருக்குள்ளும் வேகம் குறைத்தபோது அது என்னைத் திட்டியது. வாங்கிக்கொண்டேன்.

அவன் தெருவில் நடக்கிற வேகத்தில் நுழைந்தேன். வாசலில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த டேரில் நிமிர்ந்தான். கையிலிருந்த நாற்காலியை வைத்துவிட்டு வண்டியருகே வந்தான். பழைய வண்டி சத்தம் கேட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது.

"என்னடா சக்கரத்துல சத்தம்?"

மூன்று வருடத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. ஒரு ஸ்க்ரூடிரைவரை அவன் கையில் கொடுத்தேன்.

"கழட்டிப் பாரு. நீ வச்ச எடத்துலதான் இருக்கு. தப்பு என் மேலதான்."